கொழும்புக்கு வராத ரீங்காரச் சிட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எனக்குப் 'பறவை ரீச்சர்' என்று பெயர். உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள், பல்கனியில் செவ்வரத்தை வளர்ப்பவள், கழுத்தில் எந்நேரமும் தூரநோக்கி. வேறு என்ன பெயர் வைப்பார்கள்? லிப்டிலும் மீன்கடை வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி, ஒரு குட்டிப் பறவையைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

ரீச்சர், எங்கட பல்கனிக்கு ஹம்மிங்பேர்ட் வந்தது. வீடியோவும் இருக்கு. அனுப்பட்டா?

அனுப்புங்கள். பார்க்காமலே ஒன்று சொல்லிவிடலாம்: அது ஹம்மிங்பேர்ட், அதாவது ரீங்காரச் சிட்டு, அல்ல. இன்று உயிரோடிருக்கும் ரீங்காரச் சிட்டுகளில் 360க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும்தான் வாழ்கின்றன. வடக்கே அலாஸ்கா, தெற்கே தியெரா டெல் பியூகோ. ஐரோப்பாவில் இல்லை, ஆபிரிக்காவில் இல்லை, ஆசியாவில் இல்லை. கொழும்பு ஆறில் மட்டும் எப்படி இருக்கும்?

அப்ப வந்தது என்ன?

இரண்டில் ஒன்று. செவ்வரத்தைக் கொப்பில் உட்கார்ந்து, தலையைச் சரித்து, பூவுக்குள் வளைந்த அலகை விட்டால் தேன்சிட்டு. சிங்கள அயலவர்கள் சூட்டிக்கா என்பார்கள். இலங்கையில் தேன்சிட்டு மூன்று வகை: ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, அலகு மிக நீண்டு அரிவாள் போல வளைந்த லோட்டன் தேன்சிட்டு. மூன்றாவதற்குப் பெயர் வந்த கதை ஒல்லாந்தர் காலத்தது. 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிடியோன் லோட்டன், வரி வசூலிப்பதோடு நிற்காமல், டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளை வரைவித்தார். 1766இல், உயிரினங்களுக்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் இந்தப் பறவைக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

பின்னேரம், எக்சோராப் பூவின் முன்னால், எதிலும் உட்காராமல் அந்தரத்தில் நின்று, கண் சிமிட்டுவதற்குள் அடுத்த பூவுக்குத் தாவினால் அது பறவையே அல்ல, அந்துப்பூச்சி. கண்ணாடி போன்ற சிறகுடைய ஒரு வகை நம் தோட்டங்களுக்கு வழமையாக வரும். அதன் உறிஞ்சுகுழலைத்தான் பலர் அலகு என்று நினைக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரியும். பறவைக்கு ஏது உணர்கொம்பு?

ரீங்காரச் சிட்டு எப்பவுமே அமெரிக்காவில மட்டும்தான் இருந்ததா?

இதே கேள்வியை என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். "எப்பவும் அங்கதானா ரீச்சர்?" "எப்பவும் அங்கதான்" என்றேன், சோக்கட்டியைக் கீழே வைக்காமலே. அவன் திருப்தியில்லாத முகத்தோடு உட்கார்ந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு எந்தப் பாடநூலும் எனக்கு மாறாகச் சொல்லியிராது. அமெரிக்காவுக்கு வெளியே இன்றைய உருவ அமைப்புடைய ரீங்காரச் சிட்டின் என்பு எதுவும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

பிறகு 2004 மே மாதம் பிராங்பேர்ட் செங்கன்பேர்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரால்ட் மாயர் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென் ஜேர்மனியில் கிடைத்த, மூன்று கோடி ஆண்டுகளுக்கும் பழமையான ரீங்காரச் சிட்டின் உயிர்ச்சுவடு. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் அக்காவின் மகன் அங்கத்தைய பத்திரிகைத் துண்டை வெட்டி அனுப்பியிருந்தான். "சித்தி, உங்கட பறவை எங்கட ஊர்க்காரனாம்" என்று ஓரத்தில் எழுதி. எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். 'இன்று இல்லை' என்பதை 'என்றும் இல்லை' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அதுக்கு என்ன பெயர்?

யூரோட்ரோக்கிலஸ் இனெக்ஸ்பெக்டாட்டஸ். ட்ரோக்கிலஸ் என்பது யமேக்காவில் வாழும் ஒரு ரீங்காரச் சிட்டின் பேரினப் பெயர். அதற்கு முன்னால் ஐரோப்பாவை ஒட்டினார்கள். இனெக்ஸ்பெக்டாட்டஸ் என்றால் 'எதிர்பாராதது'. விஞ்ஞானிகள் தங்கள் வியப்பைப் பெயரிலேயே ஒப்புக்கொள்வது அபூர்வம்.

எங்க கிடைத்தது? கடல் களிமண்ணில என்று வாசிச்சன். குருவிக்குக் கடலில என்ன வேலை?

வீஸ்லொக் நகருக்குப் பக்கத்தில் பிரவுன்வைலர் என்னுமிடம். செங்கல்லுக்காகக் களிமண் வெட்டிய குழி. இன்று அது கடலிலிருந்து எவ்வளவோ தூரம். ஆனால் ஒலிகோசீன் காலத் தொடக்கத்தில், ரைன் ஆறு ஓடும் அந்தத் தாழ்நிலத்தில் கடலின் ஒரு கை நீண்டு கிடந்தது. அந்தக் களிமண்ணில் சுறாப் பல்லும் மீன் முள்ளும் ஏராளம். அவற்றுக்கு நடுவில்தான் இந்தப் பறவைகள்.

கரையில் பூத்த செடியில் தேன் குடித்த பறவை காற்றில் அடிபட்டோ களைத்தோ நீரில் விழுந்திருக்கும். இதில் அதிசயம் விழுந்தது அல்ல, மிஞ்சியதுதான். பறவையின் என்பு உள்ளே பொள்ளல். தேன்சிட்டளவுப் பறவையின் கால் என்பு தீக்குச்சியைவிட மெல்லியது. தரையில் செத்தால் எறும்பும் பூனையும் மழையும் இரண்டு நாளில் ஒன்றுமில்லாமல் செய்துவிடும். அலையில்லாத, ஒட்சிசன் குறைந்த அடிச்சேற்றில் புதைந்தால் மட்டுமே உரு கலையாமல் கிடக்கும். இன்று அவை ஸ்டுட்கார்ட் இயற்கை வரலாற்று நூதனசாலைச் சேகரிப்பில் உள்ளன.

வயது எப்படித் தெரியும்? பறவையில திகதி எழுதியிருக்கா?

பறவையில் இல்லை, சேற்றில் இருக்கிறது. அதே அடுக்கில் கிடக்கும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு விதம். எந்த வகை ஓடு எந்தக் காலத்தில் தோன்றி எப்போது மறைந்தது என்று உலகெங்கும் ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அதன்படி 3 கோடிக்கும் 3 கோடியே 40 இலட்சத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள்.

செத்து இவ்வளவு காலமான ஒன்று அந்தரத்தில நின்று தேன் குடிச்சது என்று எலும்பைப் பார்த்து எப்படிச் சொல்லலாம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. உங்கள் வலக்கையை நீட்டுங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒரே என்பு, புயவென்பு. காகத்தில் அது நீண்டிருக்கும், காகம் சிறகை மேலும் கீழும் அடித்துப் பறக்கும். ரீங்காரச் சிட்டில் அது நம்பமுடியாத அளவு குட்டையாய், தடித்து, முரடாய் இருக்கும். சிறகின் நீளம் முழுவதும் 'கை' என்புகளில், அதாவது நமக்கு உள்ளங்கையும் விரலும் இருக்கும் பகுதியில். அதனால் சிறகு முழங்கையில் மடங்கி விரிவதில்லை. தோளிலிருந்து ஒரே தகடாகச் சுழல்கிறது.

சுழலுவதற்குத் தோள்மூட்டு இடம் கொடுக்கவேண்டுமே. அதற்காகப் புயவென்பின் தலையில் தனித்துவமான ஒரு புடைப்பு உண்டு. இப்போது நீட்டிய கையை உள்ளங்கை கீழே பார்க்க முன்னால் கொண்டுவாருங்கள். பின்னால் கொண்டுபோகும்போது உள்ளங்கை மேலே பார்க்கத் திருப்புங்கள். கிடையாக ஓர் எட்டு வரைகிறீர்கள். ரீங்காரச் சிட்டு இதைத்தான் செக்கனுக்குப் பல பத்துத் தடவை செய்கிறது. மற்றப் பறவைகளுக்குப் பெரும்பாலும் கீழ்வீச்சில்தான் தாங்குவிசை. இதற்கு மேல்வீச்சிலும் உண்டு. உடற்பாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை மேல்வீச்சு சுமக்கிறது என்று 2005இல் அளந்தே காட்டினார்கள்.

பிரவுன்வைலர்ப் பறவையில் குட்டைப் புயவென்பு இருக்கிறது. தலையில் அந்தப் புடைப்பும் இருக்கிறது. மண்டையோட்டின் மிகுதிப் பகுதியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்ட அலகும் இருக்கிறது. பூட்டையும் திறப்பையும் சேர்த்தே கண்டெடுத்த மாதிரி.

(வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் எழுந்து நின்று இதைச் செய்யச் சொல்வேன். பக்கத்து வகுப்பிலிருந்து முறைப்பாடு வரும்.)

எவ்வளவு சிறியது?

இன்றைய ரீங்காரச் சிட்டுகளின் அளவுதான். ஒப்பிட ஒன்று சொல்கிறேன்: உலகின் மிகச் சிறிய பறவை இன்று கியூபாவில் வாழும் தேனீச் சிட்டு. நிறை ஏறக்குறைய 2 கிராம். தேநீருக்குப் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனியில் பாதி.

ஒரு குழியில கிடைத்தால் போதுமா? தற்செயலா இருக்கலாமே.

நியாயமான சந்தேகம். 2008இல் இரண்டு பதில்கள் வந்தன. போலந்தின் கார்ப்பேதியன் மலையடிவாரத்தில், யஸ்லோ நகருக்கு அருகே, அதே பேரினத்தின் இன்னோர் இனம் கிடைத்தது: யூரோட்ரோக்கிலஸ் நொனியெவிச்சி. தென் பிரான்சின் லுபெரோன் பகுதியில் இறகுப் பதிவுகளோடு முழுமையான ஒன்று. ஜேர்மனி, போலந்து, பிரான்ஸ் மூன்றிலும், ஏறத்தாழ ஒரே காலம். வழிதவறி வந்த விருந்தாளி இப்படி மூன்று நாட்டில் கிடைக்காது. ஐரோப்பா அதற்குச் சொந்த வீடு.

அப்ப இப்ப அமெரிக்காவில இருக்கிறதெல்லாம் இதன்ர பிள்ளைகளா?

நேர்ப் பிள்ளைகள் அல்ல, பெரியப்பா சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய இனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவில் வாழ்ந்ததாக 2014இல் வெளியான மரபணு ஆய்வு கணித்தது. யூரோட்ரோக்கிலஸ் அதற்கு முந்தியது, என்பில் சில பழைய சாயல்களும் ஒட்டியிருக்கின்றன. அந்தக் கிளைக்கு வெளியே, அடிமரத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது. ஆசியாவையும் அலாஸ்காவையும் இணைத்திருந்த பெரிங் நிலப்பாலத்தால் இந்த மரபு அமெரிக்காவுக்குள் போயிருக்கும் என்பது அதே ஆய்வாளர்களின் கருத்து.

தேன்சிட்டுக்கும் அதுக்கும் சொந்தம் இல்லையா? பார்க்க ஒரே மாதிரி இருக்கே.

இல்லை. தேன்சிட்டுக்கு ரீங்காரச் சிட்டைவிட வீட்டுக்குருவியும் காகமும் நெருங்கிய சொந்தம். தேன் குடிக்கும் தொழில் ஒன்று, அதனால் கருவியும் ஒன்றுபோல அமைந்தது. சலூன்காரரின் கத்தரிக்கோலும் தையற்காரரின் கத்தரிக்கோலும் ஒன்றுபோல இருப்பதால் இருவரும் அண்ணன் தம்பியா?

ரீங்காரச் சிட்டின் உண்மையான மச்சான் உங்கள் தலைக்கு மேலேயே பறக்கிறான். மழை வருமுன் கட்டடங்களுக்கு மேலே அரிவாள் வடிவச் சிறகோடு சீறித் திரியும் உழவாரன். பனை உழவாரன் பனையோலையின் அடியில் எச்சிலால் கூட்டை ஒட்டி வைக்கும். பூவைத் திரும்பியும் பாராது, பறக்கும் பூச்சிதான் சாப்பாடு. ஆனால் குட்டைப் புயவென்பும் நீண்ட கை என்பும் இரண்டுக்கும் பொது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்து 2013இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான இயோசிப்செலஸ் என்ற சிறு பறவை, இரு கிளைகளும் பிரிவதற்கு முந்திய உருவத்தைக் காட்டுகிறது. அந்தரத்தில் நிற்கும் சிறகும் இல்லை, உழவாரனின் நீள்சிறகும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்.

யூரோட்ரோக்கிலஸின்ர நிறம்? படத்தில பச்சையா மினுங்குது.

அது ஓவியரின் ஆசை. இயோசிப்செலஸின் இறகில் நிறமணிகள் மிஞ்சியிருந்ததால் அது பெரும்பாலும் கறுப்பு, ஒருவேளை மினுக்கத்தோடு என்று சொன்னார்கள். யூரோட்ரோக்கிலஸுக்குப் பச்சை பூசியவருக்கு அத்தகைய சான்று இல்லை.

பழைய உலகத்தில ரீங்காரச் சிட்டு இருந்ததுக்கு எலும்பைத் தவிர வேற தடயம் இருக்கா?

பூக்களைப் பாருங்கள் என்கிறார் மாயர். பறவைக்காகவே அமைந்த பூ எப்படி இருக்கும்? சிவப்பு அல்லது செம்மஞ்சள், நீண்ட குழாய், நிறையத் தேன், மணம் இல்லை. பறவைக்கு மணத்தால் பெரிய வேலை இல்லை. பறவை உட்கார்ந்து குடிப்பதென்றால் அருகில் உறுதியான கொப்பு வேண்டும். அந்தரத்தில் நின்று குடிப்பதென்றால் பூ வெளியே தனியாகத் தொங்கினால் போதும். அமெரிக்காவில் இப்படிப் பூக்கள் கொள்ளை. ஆபிரிக்காவிலும் இமயமலைப் பக்கத்திலும் சில செடிகள், ரீங்காரச் சிட்டே இல்லாத இடத்தில், அதே வடிவத்தில் பூக்கின்றன. கிழக்கு ஆபிரிக்காவின் கனரினாவும் ஆசியாவின் அகபெட்டஸும் அவர் சுட்டியவற்றில் சில. மறைந்துபோன விருந்தாளிக்காக விரித்த பாய் இன்னும் சுருட்டப்படாமல் கிடக்கிறது என்று நான் வாசித்துக்கொண்டேன்.

ஆனால் இதை அப்படியே விழுங்கவும் மாட்டேன். காசித்தும்பைக் குடும்பத்து இம்பேசியன்ஸ் செடி ஒன்று கமரூன் மலைகளில் பூக்கிறது. அங்கே ஒரு தேன்சிட்டு அந்தரத்தில் நின்றே அதில் தேன் குடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பூவுக்கு ரீங்காரச் சிட்டைத் தேடவேண்டியதில்லை. என்பு சான்று. பூ சாட்சி, சாட்சி சில வேளை மாற்றிச் சொல்லும்.

பறவை பூவுக்குப் போனதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. ஜேர்மனியின் மெசல் குழியில் கிடைத்த பூமிலியோர்னிஸ் என்ற சிறு பறவையின் வயிற்றுக்குள் மகரந்தமணிகள் இருந்ததை 2014இல் அறிவித்தார்கள். 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தின்ற கடைசிச் சாப்பாடு. அது ரீங்காரச் சிட்டு இனம் அல்ல.

பிறகு ஏன் ஐரோப்பாவில அழிஞ்சுது? குளிரா?

குளிர் என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். கணக்கு இடிக்கிறது. பூமி பெரிதாகக் குளிர்ந்து அந்தாட்டிக்கில் பனி உறைந்தது ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். யூரோட்ரோக்கிலஸ் அந்தக் குளிர்ச்சிக்குப் பின்னும் ஐரோப்பாவில் பறந்திருக்கிறது. தவிர, இன்றைய ரீங்காரச் சிட்டுகள் அந்தீஸ் மலையில் 4000 மீற்றருக்கு மேலும் வாழ்கின்றன. இரவில் உடல் வெப்பத்தை இறக்கிச் செத்தவை போல் கிடந்து, காலையில் சூடேறி எழும். பெருவில் ஓர் இனத்தின் உடல் வெப்பம் இரவில் 3 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியது பதிவாகியிருக்கிறது. வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதுதான் இவற்றின் உண்மையான நிபந்தனை. பூ நின்றால் நெடுநாள் தாங்காது.

இலங்கையில தோண்டினால் இப்படி ஒன்று கிடைக்குமா?

ஆசையாகத்தான் இருக்கிறது. கிடைக்காது. இந்தத் தீவில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறை. அது உருவானபோது பறவை என்ன, புல்லே கிடையாது. புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம என்னுமிடங்களில் யுராசிக் காலத் தாவரச் சுவடுகள் இருக்கின்றன, இந்தப் பறவைக்கு மிகவும் முந்தியவை. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரை நீளும் சுண்ணக்கல் மயோசின் காலத்துக் கடலடி, பிந்தியது. இரத்தினபுரி மாணிக்கச் சரளையில் தொல்லுயிர் ஆய்வாளர் பி. ஈ. பி. தெரணியகல நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் அடையாளம் கண்டார், அது அதைவிடவும் பிந்தியது. புத்தகத்தில் நமக்கு வேண்டிய பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறது.

அம்பருக்குள்ள ஹம்மிங்பேர்ட் அளவு டைனோசர் என்று ஒரு செய்தி வந்ததே?

2020 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்தது. மியன்மார் அம்பர், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசின், 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுகள், ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கும் குறைந்த ஒரு தலை, ஒக்குலுடென்டாவிஸ் என்று பெயர். அதே ஆண்டு யூலையில் கட்டுரையை மீளப்பெற்றார்கள். மறு ஆண்டு இன்னொரு மாதிரியும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியானது: பல்லி வகை. முதல் செய்தியை எனக்கு அனுப்பியவர்கள் பதினொரு பேர். இரண்டாவதை ஒருவரும் அனுப்பவில்லை.

டீஎன்ஏ எடுத்துத் திருப்பிப் படைக்கலாமா?

இதுவரை மீட்கப்பட்டதில் மிகப் பழைய டீஎன்ஏ கிறீன்லாந்து மண்ணிலிருந்து, ஏறக்குறைய 20 இலட்சம் ஆண்டு. இங்கே தேவை 3 கோடி. அடுத்த கேள்வி.

சீனித்தண்ணி வைச்சால் தேன்சிட்டு வருமா?

எறும்பு வரும், பிறகு எறும்பைத் தேடிப் பல்லி வரும். தண்ணீரை விடுங்கள், ஒரு செவ்வரத்தைத் தடியை நட்டுவிடுங்கள். தேன்சிட்டு சில வேளை பூவின் வாய்ப்பக்கம் போகாமல் அடியில் துளைபோட்டுத் தேனை எடுக்கும், மகரந்தமும் காவாது. சுத்தக் களவு. என் பல்கனியில் தினமும் நடக்கிறது, நான் முறைப்பாடு செய்வதில்லை.

ரீச்சர், என்ர வீடியோவைப் பாத்தீங்களா? ஒன்றும் சொல்லயில்ல.

மூன்றாம் மாடித் தம்பி, பார்த்தேன். படம் ஆடுகிறது, பின்னால் அம்மா "டேய், சாப்பிட வா" என்று கூப்பிடுகிறா. ஆனாலும் ஒன்பதாவது செக்கனில் நிறுத்திப் பெருப்பித்துப் பாருங்கள். தலையில் இரண்டு உணர்கொம்பு.